சரித்திரமும் சுண்ணாம்புக் கோடும்

சிலருக்குச் சங்கீதக் கச்சேரி, சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு வெற்றிலைச் செல்லம். நமக்குச் சரித்திரப் புஸ்தகம். இது ஒரு வியாதி என்பது நமது கிருகத்தில் நிலவும் அபிப்பிராயம். சம்பளம் வந்த வாரத்தில் தடித்த புஸ்தகம் ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால், அந்த மாதம் நெய்க்கிண்ணம் சற்று இளைத்துப் போகும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே புதுப் புஸ்தகத்தைக் குடைக்குள் மறைத்துக் கொண்டு வரும் சாமர்த்தியத்தையும் நாம் பழகி வைத்திருக்கிறோம். கோடைகாலத்தில் மேகமே இல்லாத நாளில் குடையோடு வீடு திரும்பினால் அகப்பட்டுக் கொள்வதும் உண்டு.

தொழிலால் நாம் கணக்கு உபாத்தியாயர். சர்வகலாசாலையில் பட்டம் பெற்றதும் கணிதத்திலேதான். சரித்திரத்தில் நமக்கு யாதொரு அதிகாரமும் கிடையாது. ஆசை மட்டும் உண்டு. கல்வெட்டு எழுத்துப் படிக்கத் தெரியாது, பாரசீகம் தெரியாது, பழைய தஸ்தாவேஜுகள் அடுக்கி வைத்திருக்கும் அறைகளின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. பண்டிதர்கள் இருபது வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடியதை, எழுத்து வன்மை உள்ள ஒருவர் கதை போல் சொல்லித் தருகிறார். அதை நாம் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து முடித்துவிட்டு, ஏதோ நாமே தேடிக் கண்டுபிடித்த மாதிரி அண்டை வீட்டாரிடம் அளக்கிறோம். நம்மைப் போன்றவர்கள் நாட்டில் ஆயிரக் கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கதை.

பண்டிதரல்லாதார் சரித்திரம் படிப்பதிலோ எழுதுவதிலோ வெட்கப்பட ஒன்றுமில்லை. பண்டித ஜவாஹர்லால் நேரு 1930 முதல் 1933 வரை சிறைச்சாலைகளில் இருந்துகொண்டு மகள் இந்திராவுக்கு உலக சரித்திரத்தையே கடிதங்களாக எழுதினார். ஏறக்குறைய 200 கடிதங்கள்! பக்கத்தில் புஸ்தகசாலை கிடையாது. தாம் குறித்து வைத்திருந்த நோட்டுக்களும், எச். ஜி. வெல்ஸ் எழுதிய உலக சரித்திரம் போன்ற சில நூல்களுமே துணை. தாம் சரித்திராசிரியர் அல்ல என்று அவர் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் நமக்கு மிகவும் பிடிக்கும். தமக்குத் தெரிந்தது எது, தாம் கேட்டது எது என்று பிரித்துச் சொல்பவரிடம் தவறு இருந்தாலும் மோசம் இராது.

நமது ஊர் வாசகசாலையில் மாதத்தின் கடைசி ஞாயிறன்று மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். முறை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு புஸ்தகத்தைப் படித்து வந்து மதிப்புரை வாசிக்க வேண்டும். வாசித்த காகிதத்தை வாசலில் உள்ள பலகையில் ஒட்டிவிடுவது வழக்கம். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தாம் எங்களுக்கு நிரந்தர அக்கிராசனர். நாவல், யாத்திரை, வைத்தியம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக் கொள்வார்கள். சரித்திரம் மட்டும் நமது பங்கு. எட்டு வருஷங்களில் நாற்பது புஸ்தகங்களுக்கு மேல் மதிப்புரை வாசித்திருக்கிறோம். அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை, 'ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்' என்று முடித்திருக்கிறோம் என்பதைப் பின்னொரு நாள் பழைய காகிதங்களைப் புரட்டியபோது கண்டு திடுக்கிட்டோம். மதிப்புரை என்ற பெயரில் நாம் அதுகாறும் எழுதியது நன்றிக் கடிதம்!

இனி நமது குற்றத்துக்கு வருவோம்.

பிரிட்டிஷ் ஆட்சி பற்றிய ஒரு சரித்திர நூல் கையில் கிடைத்தது. ஆசிரியர் பெயரும் புஸ்தகத்தின் பெயரும் வேண்டாம், குற்றம் நம்முடையது. அதில் ஒரு பக்கம் நம்மை அப்படியே ஆட்கொண்டது. 1835-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி மெக்காலே பிரபு லண்டன் பார்லிமெண்டில் எழுந்து பேசினாராம். தாம் இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் சுற்றியதாகவும், ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ காணவில்லை என்றும், இத்தனை செல்வமும் ஒழுக்கமும் படைத்த தேசத்தை வெல்ல வேண்டுமானால் அதன் முதுகெலும்பாகிய புராதனப் பண்பாட்டை முறிக்க வேண்டும் என்றும், அதற்கு இங்கிலீஷ் படிப்பே உபாயம் என்றும் சொன்னாராம். படித்ததும் நமக்கு உடம்பு சிலிர்த்தது. எதிரி வாயாலேயே நமது பெருமை! எதிரி வாயாலேயே அவன் சூழ்ச்சி! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மதிப்புரையில் பாதிக் காகிதம் இந்தப் பேச்சுக்கே போயிற்று. பெரியவர் கண் கலங்கினார். பலகையில் ஒட்டியதை இருபது பேராவது நகல் எடுத்துக் கொண்டு போனார்கள். அதோடு நின்றோமா? மறுநாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலும் அதை உரத்த குரலில் வாசித்தோம். கணக்கு வாத்தியாரா இப்படிப் பேசுகிறார் என்று தலைமையாசிரியரே ஆச்சரியப்பட்டார்.

மூன்றாம் நாள், வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக் கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சமூகப் பாடப் புஸ்தகத்தோடு வந்து தயங்கி நின்றாள்.

"ஸார், அந்த மெக்காலே பேச்சு எந்தத் தேதின்னு சொன்னீங்க?"

"1835 பிப்ரவரி 2."

"அதே தேதியிலே அவர் கல்வியைப் பத்தி ஒரு குறிப்பு எழுதினார்னு இதிலே போட்டிருக்கு, ஸார். அப்போ அவர் கல்கத்தாவிலே கவர்னர் ஜெனரலோட சபையிலே அங்கத்தினராம். ஒரே நாள்லே லண்டன்லே எப்படிப் பேசியிருப்பார்?"

இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். புகைவண்டி இன்ன வேகத்தில் புறப்பட்டால் இத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். ஒரு மனிதன் ஒரு தேதியில் எங்கே இருந்தான் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. "பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்று சமாளித்தோம்.

பார்த்தோம். மெக்காலேயின் சகோதரி மகன் டிரெவெல்யன் 1876-ல் வெளியிட்ட ஜீவிய சரித்திரத்தில் மாமாவின் கடிதங்கள் நிறைய உண்டு. மெக்காலே கப்பலில் வந்து இறங்கியது வேறெங்குமில்லை, நமது சென்னைப் பட்டினத்தில்தான். 1834-ஆம் வருஷம் ஜூன் மாதம். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்பொழுது உதகமண்டலத்தில் தங்கியிருந்தபடியால், இவர் பல்லக்கில் ஏறி, ஆட்களின் தோள்மீது நூற்றுக் கணக்கான மைல் பிரயாணம் செய்து நீலகிரிக்குப் போனார். மலையில் மழைக்காலத்தைக் கழித்துவிட்டு, அப்புறம் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1838-ல்தான் ஊர் திரும்பினார். ஆகவே 1835 பிப்ரவரியில் அவர் லண்டன் பார்லிமெண்டில் பேசியிருக்க வழியே கிடையாது. தேசத்தின் மூலை முடுக்கெல்லாம் சுற்றியதும் கிடையாது. சென்னையும் நீலகிரிப் பாதையும் கல்கத்தாவும் கண்டதோடு சரி.

பேச்சே கட்டுக்கதை! யாரோ பிற்காலத்தார் புனைந்தது. அதைச் சரிபார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் அச்சிட்டிருக்கிறார்கள். கைபேசிகளில் அனுப்பியும் வருகிறார்கள்.

நமக்கு இதில் அதிகமாக உறுத்திய விஷயம் வேறு. அதே தேதியிட்ட உண்மையான குறிப்பு அச்சில் இருக்கிறது. யாரும் படிக்கலாம். தமக்கு ஸம்ஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சில், நல்லதோர் ஐரோப்பியப் புஸ்தகசாலையின் ஒரே ஓர் அலமாரித் தட்டு இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியம் அனைத்துக்கும் ஈடாகும் என்று தீர்ப்புச் சொல்கிறார். ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியர், ருசியாலும் எண்ணத்தாலும் ஆங்கிலேயர் என்று ஒரு வகுப்பாரை உண்டாக்க வேண்டுமென்கிறார். அடுத்த மாதமே பெண்டிங் அதன்படி உத்தரவு போட்டார். நமக்குக் கோபம் வர இது போதாதா? இத்தனை அசல் சரக்கு இருக்கும்போது போலிச் சரக்கு எதற்கு?

யோசித்ததில் காரணம் புலப்பட்டது. அசல் மெக்காலே நம்மை இகழ்கிறார். போலி மெக்காலே நம்மைப் புகழ்ந்துவிட்டு அழிக்கத் திட்டம் போடுகிறார். புகழைக் கேட்ட சந்தோஷத்தில் நாம் ஆளைச் சரிபார்க்கவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் நாலு தடவை வாசிக்கும் நாம், புகழ்ச்சிப் பத்திரத்தை வாசிக்காமலே பெட்டியில் பூட்டுகிறோம்.

பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்ததைப் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே திருப்பிக் கொண்டோம். மாணவியின் பெயரைச் சொல்லி, "இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்றோம். பிள்ளைகள் கைதட்டினார்கள், வாத்தியார் தோற்றால் கைதட்டாத பிள்ளை உண்டா? வாசகசாலையில் அவ்வளவு சுலபமாக இல்லை. பெரியவர் முகம் சிவந்தது.

"என்ன வாத்தியார் ஸார், வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?" என்றார்.

"இல்லை, ஸார். அவன் சொன்னதற்கு அவனைத் திட்டுவோம். சொல்லாததற்குத் திட்டினால், சொன்னதும் பொய்யென்று ஆகிவிடுமே!"

அவர் பதில் பேசவில்லை. கூட்டத்தில் இருவர் நடுவிலே எழுந்து போய்விட்டார்கள்.

இந்த மனஸ்தாபத்தைப் போக்க நாம் ஓர் உபாயம் செய்தோம். அடுத்த மாதம், பிரிட்டிஷாரின் பொய்யொன்றை உடைத்துக் காட்டுவது என்று தீர்மானித்தோம். நல்ல வேளையாக வில்லியம் டால்ரிம்பிள் 2019-ல் வெளியிட்ட 'அனார்க்கி' என்னும் தடித்த நூல் அப்பொழுதுதான் நமது குடைக்குள் வந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1599-ல் லண்டனில் சில வியாபாரிகள் கூடியதில் தொடங்கி, 1803-ல் டில்லியைப் பிடித்தது வரையிலுள்ள கதை. கம்பெனி என்றால் முதலில் கம்பெனி, அரசாங்கம் அல்ல. பங்குதாரருக்கு லாபம் தேடிய ஸ்தாபனம் ஒரு தேசத்தை விழுங்கிய விதம் இது என்பதை ஆசிரியர் விடாப்பிடியாகச் சொல்கிறார். பாரசீக மூலங்களையும் எடுத்தாண்டிருக்கிறார். குறை என்னவென்றால், காட்சிகளை வர்ணிப்பதில் அவருக்குள்ள மோகம். யானையும் மழையும் வெடிமருந்துப் புகையுமாகக் கதை பறக்கிறது; வாசகனும் கூடப் பறக்கிறான்; கேள்வி கேட்க நிற்பதில்லை. ஆனால் புஸ்தகத்தின் பின்புறத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் இருக்கின்றன. எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். மெக்காலே விவகாரத்துக்குப் பின் நாம் எந்தச் சரித்திரப் புஸ்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் திறக்கிறோம்.

அந்த நூலில் வரும் 'கல்கத்தா இருட்டறை' சம்பவத்தை எடுத்துக் கொண்டோம். முந்திய தலைமுறைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். 1756 ஜூன் 20-ஆம் தேதி வங்காள நவாப் ஸிராஜ் உத்தௌலா, கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேயரின் வில்லியம் கோட்டையைப் பிடித்தார். கவர்னர் டிரேக் ஏற்கெனவே கப்பலேறி ஓடிவிட்டார். எஞ்சியவர்களுக்குத் தலைவராக நின்றவர் ஹால்வெல் என்பவர். அன்றிரவு கைதிகள் கோட்டையின் சிறையறை ஒன்றில் அடைக்கப்பட்டார்கள். கம்பி போட்ட சிறு ஜன்னல்கள் இரண்டுதான். உள்ளே போனவர்கள் 146 பேர், காலையில் உயிரோடு வந்தவர்கள் 23 பேர் என்று ஹால்வெல் எழுதினார். சம்பவம் நடந்து எட்டு மாதத்துக்குப் பின், சீமைக்குக் கப்பலில் திரும்பும்போது எழுதியது, 1758-ல் அச்சாயிற்று. பிளாஸி யுத்தம் நடந்து ஒரு வருஷம் ஆன சமயம்.

இந்தத் தொகையை உலகமெங்கும் பரப்பியவர் யார் தெரியுமா? நமது மெக்காலேயேதான்! கிளைவைப் பற்றி 1840-ல் அவர் எழுதிய கட்டுரையில் இந்த இரவை வர்ணித்திருக்கிறார். பண்டிதர்களுக்காக அல்ல, நம்மைப் போல் சாய்வு நாற்காலியில் படிப்பவர்களுக்காக எழுதிய கட்டுரை. அவர் எழுத்தின் வேகத்தில் ஹால்வெலை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மெக்காலே ஹால்வெலை நம்பினார். உலகம் மெக்காலேயை நம்பிற்று. பிற்காலத்தில் யாரோ மெக்காலே பெயரில் எழுதியதை நாம் நம்பினோம். இந்த வேடிக்கையை நினைத்து நாம் தனியே சிரித்துக் கொண்டோம்.

ஹால்வெலைச் சந்தேகித்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் உற்சாகம் உண்டாகும். அக்ஷயகுமார மைத்ரேயர் வக்கீல். ஸிராஜைப் பற்றி வங்காளியில் நூல் எழுதி, இருட்டறைக் கதையே புனைவென்று வாதாடினார். ஜே. எச். லிட்டில் என்ற ஆங்கிலேயர் பள்ளிக்கூட உபாத்தியாயர்! அவர் 1915-ல் கல்கத்தாச் சரித்திர சங்கத்தின் பத்திரிகையில், ஹால்வெலின் சாட்சியம் நம்பத் தகாதது என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து எழுதினார். கோட்டைச் சண்டையிலேயே இறந்தவர்களையும் ஹால்வெல் இருட்டறைக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்பது அவருடைய வாதம். அவர்களுக்கும் முன்னால் போலாநாத் சந்தர் என்ற வங்கப் பிரமுகர் ஒரு காரியம் செய்தார். 18 அடிக்கு 15 அடி இடத்தை மூங்கிலால் அடைத்து, தம்முடைய குடியானவர்களை அதற்குள் நெருக்கி நிறுத்திப் பார்த்தார். 146 பேர் கொள்ளவே இல்லையாம்.

கணக்கு வாத்தியாருக்கு இது எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அறையின் அளவு 18 அடிக்கு 14 அடி 10 அங்குலம். அதாவது 267 சதுர அடி. 146 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு சதுர அடிகூடத் தேறாது. ஒரு முழத்துக்கும் குறைந்த சதுரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மெக்காலேயோ அறையை இருபதடிச் சதுரம் என்று எழுதியிருக்கிறார். தாராளமாக 130 சதுர அடிக்கு மேல் கூட்டிக் கொடுத்துவிட்டார்! 'கணக்கே பொய் சொல்கிறது' என்று தலைப்பிட்டு மதிப்புரையை எழுதியும் முடித்துவிட்டோம். போலாநாதரின் பரிசோதனையைப் பள்ளிக்கூடத்திலும் செய்து காட்டிவிட்டால் பிள்ளைகளுக்குப் பரப்பளவுப் பாடமும் ஆயிற்று, ஒரு முத்தாய்ப்பும் ஆயிற்று என்று தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி மணியில், தேகப்பயிற்சி ஆசிரியரின் ஒத்தாசையோடு மைதானத்தில் 18 அடிக்கு 15 அடி அளந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். சுவர் கிடையாது, திறந்த வெளி, ஒரு நிமிஷத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது, மூச்சு முட்டினால் கோட்டைத் தாண்டி வந்துவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்களும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களும் வரிசையாக நின்றார்கள். மெக்காலேயை மடக்கிய மாணவியே கையில் நோட்டுடன் எண்ணிக்கைக்கு நின்றாள்.

ஐம்பது பேர் போனதும் கட்டம் நிறைந்தாற்போல் இருந்தது. நாம் புன்னகை செய்தோம். எண்பது. "நெருங்கி நில்லுங்கடா!" என்றார் தேகப்பயிற்சி ஆசிரியர். நூறு. சிரிப்பும் கூச்சலும் காதைப் பிளந்தன. நூற்றிருபதில் நமது புன்னகை மறைந்தது. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தாறாவது பையன் இருக்கிறவர்களிலேயே குள்ளன். இரண்டு பேருக்கு நடுவில் மீன் போல் வழுகி உள்ளே போய்விட்டான். கோட்டுக்கு வெளியே ஒரு கால்கூட இல்லை.

உள்ளேயிருந்து யாரோ கத்தினான்: "இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, ஸார்!"

மாணவி நோட்டில் '146' என்று எழுதி அடியில் கோடு போட்டாள். பிறகு நம்மைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் வெற்றி என்று ஆரவாரம் செய்தார்கள். நமக்குத்தான் வாய் உலர்ந்து போயிற்று.

அன்று மாலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தோம். நமது பையன்கள் ஒல்லிகள். பதின்மூன்று பதினாலு வயது. கம்பெனிச் சிப்பாயின் உடம்புக்கும் உடுப்புக்கும் இவர்கள் இணையாவார்களா? ஆக மாட்டார்கள். நாம் கண்டது ஹால்வெலுக்குச் சாட்சியுமல்ல. ஆனால் இடம் போதாது என்ற வாதம் நாம் நினைத்த மாதிரி வைரம் பாய்ந்த கட்டையுமல்ல. போலாநாதரின் குடியானவர்கள் நெருங்கி நிற்கக் கூச்சப்பட்டிருக்கலாம். நமது பையன்களுக்குக் கூச்சமே கிடையாது. நெருக்கத்தை வைத்துத் தொகையை நிலைநாட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. மதிப்புரையோ, 'கணக்கே பொய் சொல்கிறது' என்ற தலைப்போடு மேஜைமேல் தயாராக இருக்கிறது. நமது வீட்டாரையும் பையன்களையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. வாசகசாலைக்கு இந்தப் பரிசோதனையைச் சொல்லாமலே விட்டுவிடலாம். பெரியவர் மனமும் குளிரும்.

"என்ன, காப்பி ஆறிப் போகிறது?" என்றாள் நமது இல்லத்தரசி. விஷயத்தைச் சொன்னோம். "அந்தப் பெண் நோட்டிலே எழுதி வைச்சிருக்காளே!" என்றாள். அவ்வளவுதான். காகிதத்தைக் கிழித்தோம்.

மறுபடி தேடியதில் கிடைத்த விடை கட்டத்துக்கு வெளியே இருந்தது. எத்தனை பேர் அடைபட முடியும் என்று கேட்பதைவிட, அன்று மாலை கோட்டைக்குள் அகப்படுவதற்கு எத்தனை பேர் பாக்கி இருந்தார்கள் என்று கேட்பதல்லவா சரியான கேள்வி? பிரிஜேன் குப்தா என்ற சரித்திராசிரியர் 1959-ல் அப்படித்தான் கேட்டார். ஓடியவர்கள் எத்தனை பேர், சண்டையில் மாண்டவர்கள் எத்தனை பேர், பின்னால் எங்கெங்கோ உயிரோடு காணப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று சமகாலக் குறிப்புகளை ஒத்திட்டுக் கழித்துப் பார்த்தார். அவர் கண்ட விடை: உள்ளே போனவர்கள் சுமார் 64, உயிரோடு வந்தவர்கள் 21. ஹால்வெல் சொன்னது பாதிக்கு மேல் மிகை; ஆனால் சம்பவம் கட்டுக்கதையல்ல. டால்ரிம்பிளும் ஹால்வெலின் தொகையைத் தள்ளி, சிறிய தொகையையே கொள்கிறார். வெறும் கழித்தல் கணக்கு! இடத்தை அளந்த கணக்கு வாத்தியாருக்கு அது தோன்றவில்லை.

அதை எழுதிக் கொண்டு கடைசி ஞாயிறன்று போனோம். மைதானத்தில் நடந்ததையும் மறைக்காமல் வாசித்தோம். 'நாற்பத்து மூன்று பேர் இறந்தார்கள். நூற்று இருபத்து மூன்று பேர் அல்ல. நவாப் கொல்லச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. காவலர்களின் அலட்சியமே காரணம் என்று கொள்ள இடமுண்டு' என்று முடித்தோம்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"1940-லே சுபாஷ் பாபு அந்த ஹால்வெல் ஸ்தூபியை அகற்றணும்னு சத்தியாக்கிரகம் பண்ணப் போய்த்தானே கைதானார்? கர்ஸன் பிரபு 1902-லே பளிங்கிலே புதுசாக் கட்டி நடுத்தெருவிலே நிறுத்தின ஸ்தூபி. அது பொய்யில்லேங்கறீரா?"

"அதில் இருந்த கணக்கு பொய், ஸார். அதை நடுத்தெருவில் நிறுத்தி ஒரு ஜாதியையே அவமானப்படுத்தியது அநியாயம். அகற்றியது நியாயம். இப்பொழுது அது கல்கத்தா செயிண்ட் ஜான் மாதா கோவில் வளாகத்தில் இருக்கிறது. ஆனால் நாற்பத்து மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள் என்பது..."

"போத்தனூர் வண்டி?" என்று அவர் இடைமறித்தார். குரல் தழுதழுத்தது. "அதுக்கு எந்த வெள்ளைக்காரன் பளிங்கிலே ஸ்தூபி வைச்சான்?"

அறையில் ஒருவரும் பேசவில்லை. 1921 நவம்பரில் மலபார்க் கலவரக் கைதிகளைத் திரூரிலிருந்து மூடிய சாமான் வண்டியில் அடைத்துக் கொண்டு போனார்கள். பல்லாரிச் சிறைக்குப் போக வேண்டிய வண்டி. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணங்கள் குவிந்து கிடந்தன. சுமார் 70 பேர் மாண்டார்கள். பெரியவரின் தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதும், அந்தக் கதவைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டே இவர் வளர்ந்தார் என்பதும் அன்றுதான் நமக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து புஸ்தகம் பேசியிருக்கிறோம், கேட்டதில்லை.

"அதையும் எழுத வேண்டும், ஸார்" என்றோம். "தொகையைச் சரியாக எழுத வேண்டும். நாம் இருட்டறைக் கணக்கில் ஏமாற்றினால், போத்தனூர்க் கணக்கை எவன் நம்புவான்?"

அவர் வெகு நேரம் பலகையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நமது காகிதத்தை வாங்கி, தம் கையாலேயே பசை தடவி ஒட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினார். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மாதம் அவருடைய முறை. மலபார்க் கலவரத்தைப் பற்றி மூன்று புஸ்தகங்களை வாங்கி வந்திருக்கிறார். மாண்டவர் தொகை ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லையாம். நேற்று மாலை பள்ளிக்கூட வாசலிலேயே நம்மை மறித்துக் கொண்டு, ஒவ்வொன்றும் அந்தத் தொகையை எங்கிருந்து எடுத்தது என்று பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒன்றில் குறிப்பே இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியாமல் மங்கலாகக் கிடந்தது. பையன்கள் அதைச் சடுகுடு ஆட்டத்துக்கு உபயோகித்துக் கொண்டிருந்தார்கள்.